துடைப்பத்தை யார் கையில் கொடுப்பது?

நம் சங்கத்தின் சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில் பழைய கேசட்டுகளைப் பற்றிப் பேச்சு எழுந்தது. நூலக அறையில், அலமாரிக்கு மேலே இரண்டு தகரப் பெட்டிகளில் சுமார் 200 கேசட்டுகள் இருக்கின்றன. ஆண்டு விழாக் கச்சேரிகள், பொங்கல் விழாப் பாட்டுகள், பட்டிமன்றங்கள், குழந்தைகள் பாட்டுப் போட்டி, நவராத்திரிக் கொலுப் பாட்டு என்று 1978-லிருந்து சேர்ந்தவை. பூஞ்சைக்காளான் முழுவதும் தின்று தீர்ப்பதற்குள் இவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும் என்பதில் ஒருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மும்பை மழைக்காலம் நான்கு மாதம் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு வந்த யோசனைதான் என்னை எழுத வைத்தது. உறுப்பினர் ஒருவரின் மகன், கம்ப்யூட்டர் துறையில் நல்ல வேலையில் இருப்பவர், எழுந்து சொன்னார்: "அங்கிள், நீங்க ஏத்திக் குடுத்தா போதும். பாட்டுப் பாட்டாப் பிரிக்கிறது, பேர் வைக்கிறது, ஒரே பாட்டு ரெண்டு தடவை இருந்தா ஒண்ணை எடுத்துடறது, நடுவுல இருக்கிற வேஸ்ட்டைக் கழிக்கிறது, எல்லாத்தையும் ப்ரோக்ராமே பார்த்துக்கும்." நல்ல கைதட்டல். அந்தப் பிள்ளை காசு வாங்காமல் செய்து தருவதாகவும் சொன்னார். அவருடைய மனசுக்கு நானும் கைதட்டியிருக்க வேண்டும். ஆனால் கை எழவில்லை. எழுந்து பேசவும் வரவில்லை. சபையில் கோவையாகப் பேசுவது எனக்கு என்றுமே கைவராத வித்தை. ஆகவே ஆசிரியரிடம் இடம் கேட்டு இதை எழுதுகிறேன்.

இந்தப் பேச்சில் நான் தலையிடுவதற்குக் காரணம் உண்டு. இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக இந்த ஊரில் சிறிய ஒலிப்பதிவுக் கூடங்களில் வேலை பார்ப்பவன் நான். பகலில் விளம்பரப் பாட்டு, மராத்தி சீரியல் டைட்டில் பாட்டு. மாலையில் நம்மவர்கள் கொண்டுவரும் பக்திப் பாட்டும் நாட்டியப் பள்ளிகளுக்கான பதிவும். ஒரு ஒலிப்பதிவுக்காரனுடைய வேலையில் பாதி, காதால் செய்வதல்ல; எதை எங்கே வைத்தோம் என்று தேடுவது. இதை வெளியில் யாரும் சொல்வதில்லை.

கொஞ்சம் கணக்குச் சொல்கிறேன். இன்று சாதாரணமாக நாங்கள் பதிவு செய்யும் தரத்தில், அதாவது 48 கிலோ ஹெர்ட்ஸ், 24 பிட் கணக்கில், ஒரே ஒரு மைக்கில் ஒரு நிமிடம் பாடினால் 8.6 எம்பி ஆகும். 40 தடங்கள் உள்ள ஐந்து நிமிடப் பாட்டுக்கு, ஒவ்வொரு தடத்துக்கும் ஒரே டேக் என்றாலும், 1.7 ஜிபி. ஒரே டேக்கில் பாடிவிட்டுப் போகிறவர்கள் எத்தனை பேர்? ஆறு டேக், பத்து டேக் ஆகும். ஒவ்வொரு டேக்கும் தனித்தனி ஃபைல். ப்ரோ டூல்ஸ் போன்ற மென்பொருளில், தடத்துக்குப் பெயர் வைக்காமல் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டால் அது தானாகவே 'ஆடியோ 1_01', 'ஆடியோ 1_02' என்று பெயர் வைத்துக்கொண்டே போகும். பாடகர் நல்ல மூடில் இருக்கும்போது பெயர் வைக்க யாருக்கு நேரம்? ஒரு காலத்தில் என்னிடம் 'ஆடியோ 1_01' என்ற பெயரில் மட்டும் முந்நூறுக்கு மேற்பட்ட ஃபைல்கள் இருந்தன. ஒன்றில் மிருதங்கம், ஒன்றில் பற்பசை விளம்பரம், ஒன்றில் வெறும் ஏர் கண்டிஷனர் சத்தம்.

2018-ல் இதற்கு ஒரு முடிவு கட்ட நினைத்தேன். புத்தகம் பார்த்து, தெரிந்த பையன்களைக் கேட்டு, நானே ஒரு சிறு ப்ரோக்ராம் எழுதினேன். ராத்திரி இரண்டு மணிக்குக் கூடத்தில் யாரும் இல்லாதபோது அது விழித்துக்கொள்ளும். அன்றைய பதிவுகள் உள்ள ஃபோல்டரைப் பார்க்கும். தேதி, வாடிக்கையாளர், பாட்டு என்று வரிசைப்படி பெயரிட்டு இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுக்கும். பிரதி சரியாக வந்ததா என்று இரண்டு ஃபைலையும் கூட்டிப் பார்க்கும். மளிகைக் கடைப் பேரேட்டில் அடியில் மொத்தம் போட்டு ஒத்துப் பார்ப்பார்களே, அதைப் போன்ற ஒரு கூட்டுத்தொகைதான். ஒரு புள்ளி மாறினாலும் தொகை மாறிவிடும். பிறகு ஒரு பட்டியலில் வரி எழுதிவிட்டுத் தூங்கப் போகும்.

தேதியைப் பற்றி ஒரு சிறிய விஷயம், எல்லோருக்கும் உதவும். நாம் 14-1-2019 என்று எழுதிப் பழகியவர்கள். கம்ப்யூட்டர் அதை எழுத்தாகத்தான் அடுக்கும். எல்லா மாதத்து ஒன்றாம் தேதிகளும் ஓர் இடத்தில், இரண்டாம் தேதிகள் ஓர் இடத்தில் என்று குவியும். 2019-01-14 என்று வருடத்தை முதலில் வைத்தால், அகர வரிசையே கால வரிசையாகிவிடும். வீட்டில் கல்யாண போட்டோக்களைச் சேர்த்து வைப்பவர்களும் இதைச் செய்யலாம்.

ஆரம்பத்தில் சறுக்காமல் இல்லை. ஒரு பாட்டின் திட்ட ஃபைலுக்குள் சத்தம் இருக்காது. எந்தச் சத்தம் எந்த இடத்தில் இருக்கிறது என்ற விலாசம் மட்டுமே இருக்கும். என் ப்ரோக்ராம் அடுக்குகிறேன் பேர்வழி என்று உள்ளே புகுந்து ஃபைல்களை நகர்த்தி வைக்க, மறுநாள் காலையில் பாட்டைத் திறந்தால் விலாசதாரர் வீடு மாறிப் போய்விட்டார்! அதற்குப் பிறகு, நடந்துகொண்டிருக்கும் வேலைக்குள் கை வைக்காதே என்று அதற்கு உத்தரவு எழுதினேன். மற்றபடி நிம்மதிதான். தேடுகிற நேரம் பாதிக்குப் பாதி குறைந்தது. ஆகவே நான் இயந்திரத்துக்கு எதிரி இல்லை என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

வினை வந்தது டிஸ்க் நிரம்பியபோது. பாட்டு முடிந்து, பணம் வந்து, 90 நாள் கழிந்தபின், அந்தப் பாட்டில் பயன்படாத டேக்குகளைத் தானே அழித்துவிடு என்று ப்ரோக்ராமில் ஒரு பத்தி சேர்த்தேன். மிகவும் புத்திசாலித்தனமான காரியமாக அப்போது பட்டது.

2019-ல் தாராவியிலிருந்து ஒரு தம்பி தன் தாயாரை அழைத்து வந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அறுபதுகளில் கல்யாணமாகி இங்கே வந்தவர். பேரப் பிள்ளைக்காக அம்மா பாடும் தாலாட்டைப் பதிய வேண்டும் என்று மகனுக்கு ஆசை. அந்த அம்மாள் மைக்கைக் கண்டு கூசவே இல்லை. நாற்காலியில் மடியில் பிள்ளை இருப்பதுபோலக் காலை ஆட்டிக்கொண்டேதான் பாடினார். காலாட்டாமல் பாட்டு வராதாம். பாட்டுக்கு நடுநடுவே நிறுத்தி எனக்கு விளக்கம் சொல்வார். "யய்யா, இப்ப ஒரு பேரு வந்துச்சுல்லா, அது எங்க மூத்த அண்ணன். மாமன் பேரு சொல்லாம தாலாட்டு உண்டுமா? என்ன சீர் கொண்டாந்தான், எந்த ஊருல இருந்து கொண்டாந்தான், அம்புட்டும் பாட்டுலயே சொல்லணும்" என்பார். அண்ணன் எந்த ஊரில் வேலைக்கு இருந்தார், எந்த வருஷம் ஊரில் பஞ்சம், எந்தத் தம்பி சிறு வயதில் போய்ச் சேர்ந்தான், அவன் பெயரை ஏன் பாட்டிலிருந்து எடுக்கவில்லை என்றெல்லாம் சொன்னார். பாட்டு பதினோரு நிமிடம். பேச்சோடு சேர்த்து மொத்தப் பதிவு இரண்டரை மணி நேரம். பாட்டை மட்டும் வெட்டி ஒட்டிச் சுத்தமாகக் கொடுத்தேன். எல்லோருக்கும் திருப்தி.

2021-ல் அந்த அம்மாள் காலமாகிவிட்டார். மறு வருடம் மகன் வந்தார். "அண்ணே, பாட்டு இருக்கு. அம்மா நடுவுல பேசிக்கிட்டே இருந்தாங்கல்ல, அது வேணும். சின்ன மாமா பேரு எதுன்னு ஊர்லயே யாருக்கும் தெரியல."

நான் தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். தேட ஒன்றும் இல்லை என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும். பட்டியலைத் திறந்து பார்த்தேன். என் ப்ரோக்ராம் மிக ஒழுங்காக வரி எழுதி வைத்திருந்தது: இந்தத் தேதியில், பயன்படாத ஃபைல்கள் இத்தனை, அழிக்கப்பட்டன. பிரதி எடுத்த டிஸ்க்கிலும் அதே ஒழுங்கு. மிச்சமானது, பயன்படுத்திய டேக்குகளின் வாலில் ஒட்டிக்கொண்டிருந்த சில விநாடிகள்தான். ஒன்றில் தொண்டையைச் செருமிவிட்டு, "போதுமாய்யா?" என்று கேட்கிறார். அதை எடுத்துக் கொடுத்தேன். மகன் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. இரண்டு மைக்கில் இரண்டரை மணி நேரம் என்பது 2.6 ஜிபி. அன்றைய டிஸ்க் விலைக்கு அதை வைத்திருக்க ஆகும் செலவு பத்து ரூபாய்கூட இல்லை.

'வேஸ்ட்' என்ற சொல்லைக் கூட்டத்தில் கேட்டபோது என் கை ஏன் எழவில்லை என்பது இப்போது விளங்கியிருக்கும்.

நம் கேசட்டுகளுக்கு வருவோம். பெரும்பாலும் சி-90 வகை. 200 கேசட் என்றால் அதிகபட்சம் 300 மணி நேரம். முன்னே சொன்ன தரத்தில் ஸ்டீரியோவாக ஏற்றினால் ஏறக்குறைய 310 ஜிபி. சட்டைப் பையில் போகும் டிஸ்க்கில் மூன்று மடங்கு இடம் இருக்கிறது. உலகெங்கும் ஒலி ஆவணங்களைக் காப்பவர்கள் கூடி அமைத்த ஐ.ஏ.எஸ்.ஏ. என்ற அமைப்பு, பழைய நாடாக்களை மாற்றக் குறைந்தபட்சம் வேண்டும் என்று சொல்லும் தரமும் இதுதான். எனவே இடம் போதாது என்பதற்காக எதையும் கழிக்க வேண்டிய அவசியமே நமக்கு இல்லை.

எந்த இரண்டு பதிவுகள் ஒன்று என்பதையும் ப்ரோக்ராம் முடிவு செய்யக் கூடாது. நம் ஆண்டு விழாக் கச்சேரிகள் சிலவற்றை இரண்டு பேர் பதிந்திருக்கிறார்கள்: ஒருவர் மைக்செட்டிலிருந்து நேராக ஒயர் போட்டு, இன்னொருவர் மூன்றாவது வரிசையில் மடியில் டேப் ரிக்கார்டரை வைத்துக்கொண்டு. முதலாவதில் குரல் தெளிவு. இரண்டாவதில், ஆலாபனைக்கு நடுவே "பலே" என்பவர் யார் என்று எனக்கே தெரியும். அவர் இன்று இல்லை. இவை ஒரே பாட்டா?

பெயர் வைக்கும் விஷயம் இன்னும் சிக்கல். என் உதவியாளர் மராத்திக்காரர், இந்துஸ்தானி பயின்றவர், கெட்டிக்காரர். ஒரு முறை கர்நாடகத் தோடி ஒன்றைத் தோடி என்றே எழுதி வைத்தார். ப்ரோக்ராம் அதைக் கொண்டுபோய் இந்துஸ்தானித் தோடிகளோடு சேர்த்துவிட்டது. பெயர் ஒன்றுதான், ஸ்வரங்கள் வேறு. அவர்களுடைய தோடி நம் சுபபந்துவராளிக்குப் பக்கம். நம்முடைய தோடி அவர்களுடைய பைரவி தாட்டுக்குப் பக்கம். நம் பைரவி இன்னும் வேறு. நம் இந்தோளத்தை அவர்கள் மால்கௌன்ஸ் என்பார்கள்; ஹிந்தோல் என்று அவர்கள் பாடுவது வேறொன்று. இரண்டு சங்கீதமும் அடுத்தடுத்த அறையில் நடக்கும் இந்த ஊரில் இந்தக் குழப்பம் தினசரிச் சமாசாரம். இதற்கு மேல் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. நாம் 'த' ஒலிக்கு 'எச்' சேர்ப்போம், வடக்கத்தியர் சேர்க்கமாட்டார்கள். தியாகராஜரே ஒரு டிஸ்க்கில் நாலு பேராக உட்கார்ந்திருப்பார்.

நம் பெயர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ரேஷன் கார்டு முதல் பாஸ்போர்ட் வரை இன்ஷியலோடு நாம் படும் பாடு ஊரறிந்தது. நடராஜன் மகன் சுப்பிரமணியன், ந. சுப்பிரமணியன் என்று அழகாக இருந்தவர், படிவத்தில் சுப்பிரமணியன் நடராஜன் ஆகிறார். குடும்பப் பெயர் வைத்து அடுக்கும் ப்ரோக்ராம் அவர் பாடிய கச்சேரியை நடராஜன் என்ற தலைப்பில் வைக்கும். ஆயுளில் ஒரு ஸ்வரம் பாடாத தகப்பனாருக்குக் கச்சேரிக் கணக்கு ஏறிவிடும்!

குரலைக் கேட்டே பாடகரைச் சொல்லும் இயந்திரம் வந்துவிட்டதே என்று கேட்கலாம். செல்போனில் பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் வசதி, வெளியான பதிவுகளின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சொல்லும். 1983-ல் நம் பொங்கல் விழாவில் பாடிய மாட்டுங்கா மாமியோ செம்பூர் அக்காவோ எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர்களை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் நம்மில் எண்பது வயதை ஒட்டிய பத்துப் பதினைந்து பேர். பூஞ்சைக்காளானைவிட எனக்குப் பயம் அங்கேதான்.

குர்கானில் அமெரிக்க இந்தியவியல் ஆய்வு நிறுவனம் 1982-ல் தொடங்கிய இசை ஆவணக் காப்பகம் ஒன்று இருக்கிறது. இதைப் போன்ற இடங்களில் நாடாவைப் போலவே கூட வரும் குறிப்புக்கும் மதிப்பு: யார் பாடினார், எங்கே, எந்தச் சந்தர்ப்பத்தில், பதிந்தவர் யார். குறிப்பில்லாத நாடா, விலாசம் இல்லாத தபால்தான். ஒலிபரப்பு நிறுவனங்கள் பயன்படுத்தும் பிராட்காஸ்ட் வேவ் என்ற ஃபைல் வகையில், 1997-லேயே, சத்தத்தோடு கூட ஃபைலுக்குள்ளேயே 256 எழுத்தில் ஒரு குறிப்பு எழுத இடம் வைத்துவிட்டார்கள். ஆனால் அந்த இடம் ஆங்கில எழுத்துக்கு மட்டும். தமிழில் எழுத வேண்டியதைத் தனிப் பட்டியலில்தான் எழுத வேண்டும், அதுவும் யூனிகோடில். தொண்ணூறுகளில் நம் சங்கம் பழைய எழுத்துருவில் அடித்து வைத்த நிகழ்ச்சி நிரல்களை இன்று திறந்து பாருங்கள், பூச்சி ஊர்ந்ததுபோல் இருக்கும்.

நகர்த்துவது வேறு, பிரதி எடுப்பது வேறு. மைஸ்பேஸ் என்ற அமெரிக்க நிறுவனம், 2003 முதல் 2015 வரை மக்கள் ஏற்றி வைத்த பாட்டுகளைக் கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் மாற்றும்போது தொலைத்துவிட்டதை 2019-ல் ஒப்புக்கொண்டது. 5 கோடிப் பாட்டு என்று செய்திகளில் வந்தது. அவ்வளவு பெரிய இடத்திலேயே அந்தக் கதி. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2005 ஜூலை 26-ம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. தரைத்தளத்து ஒலிப்பதிவு அறை ஒன்றில் ஸ்பூல் டேப்புகள் தண்ணீரில் மிதந்ததைப் பார்த்தவன் நான். மூன்று பிரதிகள் வேண்டும். அதில் ஒன்றாவது வேறு ஊரில், புனேயிலோ சென்னையிலோ ஓர் உறுப்பினர் வீட்டில் இருக்க வேண்டும்.

அந்தப் பிள்ளை எழுதும் ப்ரோக்ராம் நமக்குக் கட்டாயம் வேண்டும். எண் போடட்டும், தேதியை முன்னால் வைக்கட்டும், மூன்று பிரதி எடுத்துக் கூட்டுத்தொகை பார்க்கட்டும், மாதம் ஒரு முறை எல்லாம் பத்திரமா என்று சரிபார்த்துச் சொல்லட்டும். இந்த வேலையில் மனிதன் தூங்கிவிடுவான், அது தூங்காது. இப்போதெல்லாம் தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும் வசதியும் இருக்கிறது; "அடுத்ததாகப் பாட வருபவர்" என்று நம் செயலாளர்கள் அறிவித்த இடங்களை அது தேடிக் கொடுத்தால் பெரிய உபகாரம். அந்த அறிவிப்புகளைத்தான் வேஸ்ட் என்று முதலில் வெட்டியிருப்போம்! ஆனால் அழிக்கும் அதிகாரத்தை அதற்குக் கொடுக்கவே கூடாது. ஒரே பாட்டு என்று அதற்குத் தோன்றினால் பக்கத்தில் ஒரு குறி போடட்டும். கேட்டுப் பார்த்து முடிவு செய்ய நாம் இருக்கிறோம். கூட்டத்துக்குப் பிறகு இதை அந்தப் பிள்ளையிடம் தனியாகச் சொன்னேன். "அது ஒரு வரியை எடுத்துட்டாப் போதும் அங்கிள்" என்று சிரித்தார். எனக்கும் அது ஒரு வரிதான்.

செயற்குழு அனுமதித்தால், ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 10 முதல் 1 மணி வரை என் கேசட் டெக்கோடு நூலக அறைக்கு வருகிறேன். கேசட்டை வேகமாக ஓட்டி ஏற்ற முடியாது. 90 நிமிடம் என்றால் 90 நிமிடம்தான். ஒரு ஞாயிறுக்கு இரண்டு கேசட் ஆகும். இன்னும் இரண்டு பேர் தங்கள் வீட்டு டெக்கோடு வந்தால் ஒரு வருடத்துக்குள் முடியும். மூத்த உறுப்பினர்கள் வந்து உட்கார்ந்து கேட்க வேண்டும். யார் பாடுகிறார், யார் வாசிக்கிறார், எந்த விழா என்று சொன்னால் எழுதிக்கொள்ள இளைஞர் ஒருவர் இருப்பார். சொன்னவர் யார் என்பதையும் எழுதுவோம். வர முடியாதவர்கள் வீட்டில் பழைய விழா அழைப்பிதழ்களோ இந்தப் பத்திரிகையின் பழைய இதழ்களோ இருந்தால் இரவலாகக் கொடுங்கள். கச்சேரி விமரிசனங்களில் பக்கவாத்தியக்காரர் பெயர்வரை போட்டிருக்கிறார்கள்.

பெட்டியிலிருந்து ஒரே ஒரு கேசட்டை எடுத்துப் போய்ச் சோதனைக்கு ஏற்றிப் பார்த்தேன். உறையில் பென்சிலால் 'பொங்கல் 83' என்று மட்டும் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில், சுமார் பன்னிரண்டாவது நிமிடத்தில், ஒரு பெண் தனியாகக் கும்மிப் பாட்டுப் பாடுகிறார். சுருதிப் பெட்டி இல்லை, பக்கவாத்தியம் இல்லை. நடுவில் ஒரு குழந்தை அழ, பாட்டை நிறுத்தாமலே அதைச் சமாதானப்படுத்துகிறார். அவர் யார் என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து சங்க அலுவலகத்துக்குத் தெரிவிக்கவும்.